இருபத்தொன்றாம் நாள்

காலை எட்டு மணி தாண்டிப் பின்வாசலுக்கு வந்த பெரியவள் காதில் விழுந்த முதல் சத்தம், இன்னும் ஆறு நாள் கழித்துக் கேட்க வேண்டிய சத்தம்.

பின்வாசல் தாழ்ப்பாளைத் திறந்தவள் கை அப்படியே நின்றுவிட்டது. கூண்டின் மூலையில், கறுப்பி அடை உட்கார்ந்திருந்த மரப்பெட்டிக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு கீச். கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு இரண்டும் சேர்ந்து.

கோழி வளர்க்கிற வீட்டில் இதைவிட நல்ல சத்தம் கிடையாது. ஆனால் இன்றைக்கு அது கேட்கக் கூடாது.

குனிந்து, கறுப்பியின் இறக்கையை இரண்டு விரலால் மெதுவாகத் தூக்கினாள். மணிக்கட்டில் ஒரு கொத்து விழுந்தது. பொருட்படுத்தவில்லை. உடைந்த ஓடுகளுக்கு நடுவே மூன்று கோழிக்குஞ்சுகள். நான்காவது கோழி முட்டையில் ஊசி குத்தினாற்போல ஒரு விரிசல். அவற்றைச் சுற்றி, கூர்முனையும் தடித்த ஓடுமாகப் பதினொரு கினிக்கோழி முட்டைகள், கல் மாதிரி. அவற்றில் ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

இருக்கவும் கூடாது. கோழிக்கு இருபத்தொரு நாள். கினிக்கு இருபத்தேழு.

இனி நடக்கப்போவது அவளுக்குத் தெரியும். குஞ்சு பொரிந்துவிட்டது, வேலை முடிந்தது என்று கறுப்பி நினைப்பாள். இன்றைக்கோ நாளைக்கோ எழுந்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குக் கிளம்பிவிடுவாள். பதினொன்றும் ஆறிப்போகும்.

அந்தப் பதினொன்றும் ஆறினால் எல்லாமே ஆறிவிடும்.

சென்ற வாரங்களில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே வீடு, ஒரே பின்முற்றம், அண்ணன் தம்பி இரண்டு குடித்தனம். அண்ணன் லாரியோடு போனால் திரும்பி வர ஒரு மாதம். தம்பி மோட்டார் ரிப்பேர். அண்ணன் மனைவியான பெரியவள் தையல் ஆலையில் பன்னிரண்டு வருடம் துணிகளை வெளிச்சத்தில் பிடித்துக் குறை பார்த்தவள். ஆலை மூடியதும், தம்பி மனைவியான சின்னவளின் கோழிகளும் வாத்தும் மேய்ந்துகொண்டிருந்த அதே முற்றத்தில் எட்டுக் கினிக்கோழிகளைக் கொண்டுவந்து இறக்கினாள். கோழி, வாத்து, கினி எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கும், எனக்கு ஒரு வருடம் கொடுங்கள் என்று கேட்டாள். எட்டு மாதம் போய்விட்டது.

செய்த தவறு, வளர்ந்த பறவைகளாக வாங்கியது. முப்பது வயதுக்கு மேல் ஒரே அறைக்கு வந்த வாடகைக்காரர்கள் மாதிரி அவை யாரோடும் ஒட்டவில்லை. இருட்டினால் கூண்டுக்கு வராமல் கூரையில் ஏறின. உடைந்த சுவருக்கு அப்பால், முட்புதர்க் காட்டில் ஒளித்து முட்டையிட்டன. ஒரு சேவலை நாய் கொண்டுபோனது. நான்கு பெட்டைகளில் மூன்றைக் கீரி பிடித்தது. மூன்றின் இறகும் கிடைத்தது. நான்காவதன் இறகுகூடக் கிடைக்கவில்லை.

மிஞ்சியது மூன்று சேவல்களும், புதருக்குள்ளிருந்து அவள் முழங்கை கீறிக்கொள்ள எடுத்துவந்த பதினொரு முட்டைகளும்.

இந்த முட்டைகளை ஒரு கோழி பொரிக்கட்டும், கோழியின் இறக்கைக்குள் கண் திறக்கட்டும். அப்போது அவை கோழி போகிற கூண்டுக்குப் போகும், கோழி சொன்னபடி கேட்கும். இது அவள் கணக்கு. அதற்குத்தான் சின்னவளிடம் கறுப்பியை இரவல் கேட்டாள். சின்னவளும் கொடுத்தாள், தன் நான்கு முட்டைகளும் கூடச் சேரட்டும் என்று சொல்லி. அது வியாழக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை, மேஸ்திரி என்று பெயர் வாங்கிய மூத்த கினிச்சேவல், சின்னவளின் சேவலைத் துரத்திப்போய் வாலில் ஒரு இறகு மிச்சமில்லாமல் பிடுங்கிவிட்டது. மாப்பிள்ளை என்று கூப்பிட்டாலே நெஞ்சை நிமிர்த்தி வருகிற சேவல் அது. அன்று தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் போய் ஒடுங்கியது. அதன்பின் ஒருநாள்கூடக் கூவவில்லை. அன்றிலிருந்து சின்னவளும் பெரியவளோடு பேசவில்லை. பதினெட்டு நாள்.

போன வாரம் கொழுந்தன் முடிவாகச் சொல்லிவிட்டான். வரும் ஞாயிறு பறவை வியாபாரி வண்டியோடு வருகிறார், மூன்றையும் ஏற்றிவிடுவேன் என்று. அது நடக்காது என்றாள் பெரியவள். கதையை அந்த இடத்தில்தான் விட்டிருந்தோம்.

மாமனார் முன்வாசல் படியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். முப்பத்துநான்கு வருடம் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் போனவர். தெருவில் அவருக்குக் கார்டு என்றுதான் பெயர். மருமகள்கள் இருவருக்கும் பேச்சு நின்றதிலிருந்து இந்தப் பக்கத்துச் சேதியை அந்தப் பக்கம் கொண்டுபோகிற வேலையும் அவருடையது.

"மாமா, அந்த நாலு கோழி முட்டையை என்னைக்கு வச்சீங்க?"

"அன்னைக்கே வச்சுட்டேனே. வியாழக்கிழமை சாயந்திரம்."

"அடுத்த புதன்கிழமை வைக்கணும்னு சொன்னேன்."

"சொன்னே." அவர் சாவி கொடுப்பதை நிறுத்தினார். "எதுக்கு ரெண்டு தடவை கோழியை எழுப்பணும்னு பார்த்தேன். ஒண்ணா ஏறினா ஒண்ணா இறங்கும்ல."

பெரியவள் நாளைக் கணக்கிட்டுப் பார்த்தாள். அந்தப் புதன்கிழமை, முட்டை வச்சாச்சா மாமா என்று கேட்டது நினைவு வந்தது. வச்சாச்சு என்றார். அது உண்மைதான். அடையைக் கிளறக் கூடாது என்று அவளும் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடம் எதையும் புரட்டிப் பார்க்காமல் விட்டதில்லை. அன்று ஒருநாள் விட்டாள்.

பின்பக்கத்திலிருந்து மறுபடி அந்தக் கீச். கார்டும் கேட்டார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக ஏதோ இறங்கிக்கொண்டே போவது தெரிந்தது. நெடுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாசஞ்சர் மெதுவாப் போகும். அதை முன்னாடி விட்டுட்டு எக்ஸ்பிரஸை அப்புறமா விட்டாத்தான் ரெண்டும் ஒரே நேரத்துக்குப் போய்ச் சேரும்" என்றார் கடைசியில். "வேலைக்குச் சேர்ந்த மொத வாரம் படிச்சது."

"விடுங்க மாமா. இப்ப என்ன செய்யணும்னு பார்ப்போம்."

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். குஞ்சுகளைக் கறுப்பியின் கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் அப்புறப்படுத்த வேண்டும். குஞ்சு இல்லை, முட்டை மட்டும் இருக்கிறது என்றால் கறுப்பி இன்னும் கொஞ்ச நாள் உட்காருவாள். உட்காரலாம். ஆறு நாள் குஞ்சுகளைப் பல்பு வெளிச்சத்தில் பெட்டிக்குள் வளர்த்து, கினிக்குஞ்சுகள் வெளிவருகிற அன்று, இருட்டியபின் எல்லாவற்றையும் ஒன்றாக அவள் இறக்கைக்குள் தள்ளிவிட வேண்டும்.

பெட்டியை எங்கே வைப்பது? பெரியவளின் அறைக்கும் கூண்டுக்கும் நடுவே ஒரு ஜன்னல்தான். குஞ்சு கத்தினால் கறுப்பி கூண்டைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடுவாள். சமையலறையும் அப்படியே. கார்டு படுப்பது நடைவழியில். சத்தம் பின்பக்கம் போகாத அறை வீட்டில் ஒன்றே ஒன்று, தெருவைப் பார்த்த முன்னறை. அது சின்னவளுடையது. பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கே மருந்துக்கடைக்குப் போய்விட்டாள்.

குஞ்சும் அவளுடையது. அவள் கோழி இட்ட முட்டை. கேட்காமல் தொட முடியாது.

நான் போய்க் கேட்டுவிட்டு வரவா என்றார் கார்டு.

"வேண்டாம் மாமா. பதினெட்டு நாள் உங்களை நடக்க விட்டதே போதும். நீங்க கறுப்பியைப் பார்த்துக்குங்க. எழுந்துக்கப் பார்த்தாள்னா பெட்டி மேல சாக்கைப் போடுங்க. இருட்டா இருந்தா உட்காருவா."

மருந்துக்கடையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். பெரியவள் ஐந்தாவதாக நின்றாள்.

குறுக்கே புகுந்து பேசியிருக்கலாம். வீட்டு ஆள்தானே என்று யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கேட்க வந்தவள் வரிசையில் நிற்பதுதான் முறை என்று அவளுக்குத் தோன்றியது. வெள்ளைக் கோட்டும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக, சின்னவள் மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை நிமிர்ந்தாள். பெரியவளைப் பார்த்தாள். மறுபடி கத்தரித்தாள். அந்த ஒரு பார்வையில் ஒன்றும் தெரியவில்லை.

நான்கு பேர் நகர அரை மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு நிமிடமும் கறுப்பி எழுந்து நிற்பது பெரியவளின் கண்ணில் வந்து போனது. அவளுக்குப் பின்னால் ஒரு பெரிய மீசைக்காரர் நெற்றியைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"என்ன வேணும்?" என்றாள் சின்னவள். எல்லோரையும் கேட்கிற அதே குரல்.

"உன் ரூம் சாவி."

"சீட்டு இருக்கா?"

"இல்லை."

"சீட்டு இல்லாம இங்க எதுவும் குடுக்கறதில்லை."

மீசைக்காரர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பெரியவள் மேஜைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று குஞ்சு வந்துவிட்டது, ஒன்று வரப்போகிறது, அவற்றை ஆறு நாள் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும், உன் அறையைத் தவிர வேறு இடமில்லை. குஞ்சு உன்னுடையது, பிரிக்க முடியாது என்று நீ சொன்னால் நான் தொட மாட்டேன். சொல்லி முடித்தபோது, இதைக் கடைசியாகச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

சின்னவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"எப்படி இப்படி ஆச்சு? புதன்கிழமைதானே வைக்கறதா பேச்சு."

 படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்த மாமனாரின் முகம் பெரியவளுக்கு நினைவு வந்தது.

"என் தப்பு. நான் பார்த்திருக்கணும். பார்க்காம விட்டுட்டேன்."

"உங்க தப்பா?"

"ஆமா."

"மாமா எட்டரை மணிக்கே போன் பண்ணிட்டார்" என்றாள் சின்னவள். "நான்தான் வச்சேன், அவளைத் திட்டாதேன்னு. நீங்க வந்து அவர் மேல சொல்றீங்களா பார்க்கலாம்னு இருந்தேன்."

  சுற்றிவளைத்துப் பேசி இருவருக்குமே பழக்கம் இல்லை.

"ஒண்ணு கேட்பேன்" என்றாள் சின்னவள். "மாப்பிள்ளை பதினெட்டு நாளா தொட்டிச் சந்துக்குள்ளேயே கிடக்கான். தீனியைக்கூட அங்கேயே கொண்டுபோய் வைக்கறேன். வாலு முளைச்சிடும். ஆனா அந்த மூணும் அங்க இருக்கற வரைக்கும் அவன் வெளிய வர மாட்டான். மூணும் ஞாயித்துக்கிழமை போகணும்க்கா."

அக்கா. பதினெட்டு நாளுக்குப் பிறகு வந்த அந்த ஒரு சொல்லோடு இந்தக் கோரிக்கையும் சேர்ந்தே வந்தது.

பெரியவள் தன் கைகளைப் பார்த்தாள். முள் கீறல்கள் ஆறி வெளுத்திருந்தன. காலையில் கறுப்பி கொத்திய இடம் மட்டும் சிவப்பு. போன வாரம், கொழுந்தன் முகத்துக்கு நேராக, அது நடக்காது என்று சொன்னவள் அவள். சொன்ன சொல்லை விழுங்குவது அவளுக்குப் பழக்கமில்லாத தீனி.

"ஏம்மா, ஒரு தலைவலி மாத்திரை. அவ்வளவுதான் எனக்கு" என்றார் மீசைக்காரர்.

சின்னவள் பார்க்காமலே ஒரு அட்டையைக் கிழித்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

"போகட்டும்" என்றாள் பெரியவள். "அந்த மூணும் போகட்டும். ஆனா முட்டைக்குள்ள இருக்கறது ஒண்ணுகூடப் போகாது. இந்த வருஷம் முடியற வரைக்கும் அதைப் பத்தி யாரும் பேசக் கூடாது. உன் வீட்டுக்காரர்கிட்டயும் நீதான் சொல்லணும்."

"முட்டைக்குள்ள இருக்கறதை யாருக்கா போகச் சொன்னா?"

சின்னவள் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு மருந்துக் கவரை எடுத்து நீட்டினாள். சாவி ஏற்கனவே அதற்குள் இருந்தது. எட்டரை மணிக்கே போட்டு வைத்திருக்கிறாள் என்று பெரியவளுக்குப் புரிந்தது. கவரின் மேல், காலை, மதியம், இரவு என்று அச்சடித்த மூன்று கட்டத்திலும் டிக் போட்டிருந்தாள். கீழே நுணுக்கமான எழுத்தில்: அடியில் சாக்கு விரிக்கவும், செய்தித்தாள் கூடாது, கால் வழுக்கி அகன்றுவிடும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடவும். நாற்பது வாட் பல்பு. மணிக்கு ஒரு தரம் பார்க்கவும்.

"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதுன்னு சொல்வாங்க" என்றார் மீசைக்காரர், மாத்திரையைப் பையில் போட்டபடி. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் இருவரும் சிரிப்பை அடக்க, அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

பெரியவள் வந்து சேரும்போது கறுப்பி பாதி எழுந்திருந்தாள். பெட்டி மேல் சாக்கு, சாக்கின் மேல் கார்டின் இரண்டு கை.

இன்னும் ரெண்டு நிமிஷம் தாமதமாகியிருந்தால் வண்டி கிளம்பியிருக்கும் என்றார்.

சாக்கின் ஓரத்தால் கையை நுழைத்து, இருட்டில் தடவி, ஒவ்வொன்றாக எடுத்தாள். மூன்று குஞ்சுகளுக்கு ஏழு கொத்து. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் மூடித் துண்டுக்குள் வைத்தாள். கத்தவிடாமல் சூட்டோடு பொத்திக்கொண்டு போவது கார்டின் பொறுப்பு. முதல் குஞ்சோடு அவர் முற்றத்தைக் கடக்கும்போதே மேஸ்திரியும் மற்ற இரண்டும் சுவரின் மேல் வந்து நின்று, திருடனைக் கண்டதுபோல ஒரே தொனியில் கத்தத் தொடங்கின. கினிச்சேவல் கத்துவது ஒற்றை அடி. பெட்டை கத்துவது இரட்டை அடி. சேவல் எது பெட்டை எது என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாத பறவையில் காதுதான் சாட்சி. இந்தச் சத்தத்தில் கறுப்பி மறுபடி மிரண்டாள். பெரியவள் பெட்டியின் மேல் உடம்பையே சாய்த்துக்கொண்டு, கினிகள் ஓயும்வரை அப்படியே இருந்தாள். முதுகு மரத்துப்போயிற்று. ஓய்ந்த பிறகும் எழவில்லை.

முன்னறையில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே அட்டைப்பெட்டி. சாக்கு, கூழாங்கல், பல்பு, எல்லாம் கவரில் உள்ளபடி. கார்டு நாற்காலியைப் பெட்டிக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். ஒரு தாளில் நேரம் எழுதி, எதிரே ஒரு சரி போட்டார். மணி பத்து ஐந்து. சரி. மணி பதினொன்று ஐந்து. சரி. சாப்பிடக் கூப்பிட்டபோது, டூட்டியில் இருக்கிறேன் என்றார்.

நான்காவது குஞ்சு இழுத்தடித்தது. விரிசல் ஒரு மணிக்கு வளையமாயிற்று, இரண்டு மணிக்கு நின்றுவிட்டது. ஓட்டை உரித்துவிடத் துடித்த விரல்களை மடக்கிக்கொண்டு பெரியவள் காத்திருந்தாள். உதவி செய்கிறேன் என்று உரித்தால் ரத்தம் வந்து செத்துப்போகும். மூன்றரைக்கு அதுவே ஒரு உந்து உந்தி வெளியே விழுந்தது. காய்ந்ததும் அதையும் எடுத்தாள். இம்முறை கறுப்பி கொத்தவில்லை. ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை பெரியவளுக்குக் கொத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

குஞ்சோடு அவள் முன்னறைக்கு வந்தபோது மின்சாரம் இல்லை. பல்பு அணைந்திருந்தது, பெட்டி காலி. குனிந்து கட்டிலடியில் தேடினாள். பிறகு பார்த்தாள். கார்டின் மடியில் அவருடைய பழைய கம்பளிக் கோட்டு. பித்தளைப் பொத்தான்களுக்கு நடுவே மூன்று தலைகள்.

"நாலாவது பெட்டியும் வந்தாச்சா" என்று கோட்டின் ஓரத்தைத் திறந்து பிடித்தார்.

அப்படியே இருந்தார். ஆறு மணிக்குச் சின்னவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது மின்சாரம் வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. கார்டு மட்டும் கோட்டை இறக்கவில்லை. நேரத்தாளில் எட்டு சரி. மாமனாரைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் விட்டு, அவர் கால்களை நீட்டக் கைகொடுத்தாள்.

பிறகு பின்பக்கம் போனாள்.

பெரியவள் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் இன்னொரு வாளியைக் கவிழ்த்து, கூண்டின் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். மஞ்சள் வெயில் சுவரின் உச்சிக்கு ஏறிவிட்டது.

கறுப்பி எழுந்தாள்.

இருவரும் அசையவில்லை. நாளுக்கு ஒரு முறை தின்னவும் குடிக்கவும் எழுவது அடைக்கோழிக்கு வழக்கம். ஆனால் இன்று அவள் தீனியின் பக்கம் போகவில்லை. பெட்டியின் விளிம்பில் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்து, தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள். குஞ்சைக் கூப்பிடுகிற குரல். கூப்பிட்டுவிட்டு நின்றாள். பதில் வருகிறதா என்று கேட்டாள். மறுபடி கூப்பிட்டாள்.

வீட்டின் மறுகோடியில், இரண்டு கதவுகளுக்கு அப்பால், நான்கு குஞ்சுகள். ஒரு சத்தமும் இங்கே வரவில்லை.

பெரியவள் மெதுவாகக் கையை நீட்டி, ஒரு கினி முட்டையை எடுத்தாள். இன்னும் சூடு. உள்ளங்கையில் வைத்திருந்தாள். கம்பி இடுக்கு வழியாகச் சின்னவளிடம் நீட்டினாள். சின்னவள் இரண்டு கையாலும் வாங்கினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் விரல்கள் சட்டென்று இறுகி, பயந்து, தளர்ந்தன. உள்ளே ஏதோ புரண்டிருந்தது.

"உயிர் இருக்கு" என்றாள், யாரோ தூங்குகிற அறையில் பேசுவதுபோல.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றாள் பெரியவள். "கால் மணி வரைக்கும் தாங்கும்."

ஏழு நிமிடம். கறுப்பி இறங்கி, தண்ணீர் குடித்தாள். ஒன்பது நிமிடம். இரண்டு வாய் தின்றாள். கூண்டின் வாசல்வரை நடந்து வெளியே பார்த்தாள். கதவைச் சாத்தலாமா என்று சின்னவள் கண்ணால் கேட்டாள். பெரியவள் தலையை ஆட்டி மறுத்தாள். பூட்டி உட்காரவைக்க முடியாது. உட்கார வேண்டும் என்று அவளுக்குத் தோன்ற வேண்டும்.

பதின்மூன்று நிமிடம்.

கறுப்பி திரும்பினாள். பெட்டிக்குள் ஏறி, கழுத்தை நீட்டி, முட்டைகளை ஒவ்வொன்றாக அலகால் தள்ளிப் பார்த்தாள். எண்ணிக்கை குறைகிறது என்று தெரிந்ததுபோல நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் அவசரமாக முட்டையை உள்ளே வைத்தாள். கறுப்பி அதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இறக்கையை அகட்டினாள். உட்கார்ந்தாள்.

 

"மாமா ராத்திரி அந்த ரூம்லதான் உட்காருவேன்னு அடம்பிடிப்பார்" என்றாள் சின்னவள் வெகுநேரம் கழித்து. "எங்களை நடைவழியில படுக்கச் சொல்வார் பாருங்க."

பெரியவள் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அது பாதியில் நின்றது.

சுவரின் மேலிருந்த மூன்று கினிச்சேவல்களும் ஒரே சமயத்தில் முட்புதர்க் காட்டின் பக்கம் திரும்பியிருந்தன. கத்தவில்லை. கழுத்தை நீட்டி, அசையாமல் நின்றன.

அப்போது கேட்டது. புதருக்குள்ளிருந்து, தொலைவில். முதலில் தாழ்ந்து, பிறகு எகிறி. இரட்டை அடி.

மேஸ்திரி பதில் கொடுத்தான். மூன்றும் சேர்ந்து கொடுத்தன. சற்று விட்டு மறுபடி அந்த இரட்டை அடி, முன்பைவிடக் கொஞ்சம் கிட்டத்தில். மூன்றும் கூப்பிடக் கூப்பிட அந்தக் குரல் சுவரை நோக்கி நகர்வது தெரிந்தது.

பெரியவள் எழுந்து நின்றுவிட்டாள். இறகு கிடைக்காத நான்காவது பெட்டை. வழி சொல்ல இந்த மூன்று குரல் இருக்கிறவரைக்கும்தான் அது வரும். ஞாயிற்றுக்கிழமை இந்த மூன்றும் போக வேண்டும். சொல் கொடுத்தவள் அவள். கொடுத்துப் பத்து மணி நேரம்கூட ஆகவில்லை. சின்னவள் வாளியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள், தொட்டிச் சந்தைப் பார்த்தபடி.

பின்வாசலில் கார்டு வந்து நின்றார். அவரும் கேட்டிருக்கிறார். சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் பார்த்துப் பழகிய கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாய்க்குள்ளேயே எதையோ எண்ணினார். ஒரு கை விரல் முடிந்து மறுகைக்குப் போனார். அது முடிந்து மறுபடி முதல் கைக்கு வந்தார். இம்முறை தப்பு விடக் கூடாது என்பதுபோல, முதலிலிருந்து இன்னொரு தரம் எண்ணினார்.

"அது காணாமப் போய் இன்னைக்கு எத்தனை நாள் தெரியுமா?" என்றார்.

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"இருபத்தேழு."

கினி முட்டை பொரிகிற கணக்கும் அதுதான்; புதருக்குள் அது தனியாக இருக்காது. பெரியவள் கொடியில் கிடந்த கனத்த துண்டை இழுத்து முழங்கை வரை சுற்றிக்கொண்டாள். வெளிச்சம் இன்னும் அரை மணி நேரம் இருந்தது. உடைந்த சுவரை நோக்கி நடந்தாள். பின்னால் ஒரு வாளி உருளும் சத்தம் கேட்டது. சின்னவளும் எழுந்துவிட்டாள் என்று திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் வருவது தன்னோடு புதருக்குள் இறங்கவா, அல்லது கொடுத்த சொல்லை நினைவுபடுத்தவா என்பது மட்டும் தெரியவில்லை.